போடாமல் விட்ட மூன்று அங்குலம்

சித்திரை பிறந்தால் போதும், வீட்டைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்வது எப்படி என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கிவிடுகின்றன. ஏ.சி.யின் வடிகட்டியைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவுங்கள், ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளியுங்கள், மேற்கு ஜன்னலைப் பகலில் சாத்தி இரவில் திறந்துவிடுங்கள், மொட்டை மாடியில் தொட்டி வையுங்கள். யோசனைகள் சரியானவைதான். ஆனால் இந்தக் கட்டுரைகளில் வருகிற 'வீடு' யாருடைய வீடு? இரவில் ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு ஒரு பொம்பளைப் பிள்ளை நிம்மதியாகத் தூங்க முடிகிற வீடு. தட்டிக்குத் தெளிக்கத் தண்ணீர் இருக்கிற வீடு. மாடிக்குப் படி இருக்கிற வீடு. எங்கள் வளவில் படி வைத்த வீடு ஒன்றுகூடக் கிடையாது. கூரை மேல் ஏற வேண்டுமென்றால் பந்தல்காரரிடம் ஏணி இரவல் வாங்க வேண்டும்.

தாராபுரத்துப் பக்கம் மழை மறைவு பூமி. மேற்கு மலை மழையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக எங்களுக்குக் காற்றை மட்டும் அனுப்பும். ஆடியில் அந்தக் காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். அதே காற்றை நம்பித்தான் தாராபுரம், குண்டடம், உடுமலை வட்டாரமெங்கும் காற்றாலைகள் நட்டிருக்கிறார்கள். பங்குனி சித்திரையில் காற்று செத்துவிடும். 2024 கோடையில் ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் வெயில் 42 டிகிரியைத் தாண்டியது. அந்த ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்து, வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. இறந்தவருக்குத்தான். சாகாமல் ராத்திரி முழுக்க வெந்துகொண்டு கிடப்பவர்களுக்குக் கணக்குப் புத்தகத்தில் இடமில்லை.

நாங்கள் அருந்ததியர். வீட்டில் பேசுவது தெலுங்கு. எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு வெயிலுக்கு எத்தனையோ சொல் தெரியும், ஆனாலும் உச்சிப்பொழுதில் வெளியே இறங்கினால் வாயில் முதலில் வருவது 'எண்ட' என்பதுதான். அம்மா சொல்வதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முதலில் ஓலைக் கூரையைப் பற்றிப் பேசிவிட வேண்டும். ஏனென்றால் இப்போதெல்லாம் கூட்டங்களில் நல்ல மனசுக்காரர்கள் சிலர் வந்து, "உங்க முன்னோர்கள் எவ்வளவு அறிவோடு குடிசையில் வாழ்ந்தார்கள், காங்கிரீட் வந்து எல்லாம் கெட்டுது" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். குடிசை குளிர்ச்சிதான். ஓலை வெயிலை வாங்கித் தனக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளாது. பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். சாணி மெழுகிய தரையில் மத்தியானம் படுத்தால் முதுகு சில்லென்று இருக்கும். மார்கழியில் உள்ளேயே அடுப்பு எரியும், அதுவே கணப்பு. அந்தப் புகை போய் ஓலையில் ஏறிக் கரியாகப் படிந்தால் செல்லும் பூச்சியும் அண்டாது. கூரையைக் காப்பாற்றியது புகை. அந்தப் புகைதான் என் அவ்வாவின் கண்ணையும் நெஞ்சையும் தின்றது. குளிர்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்வதில்லை.

அதைவிட முக்கியமான கேள்வி, ஓலை எங்கேயிருந்து வந்தது? வளவில் பனை கிடையாது, தென்னை கிடையாது. எல்லா மரமும் தோட்டத்துக்காரர் மரம். தென்னங்கீற்றும் கரும்புச் சோகையும் ஒன்றிரண்டு வருசத்தில் மக்கிவிடும். பனையோலை இன்னும் கொஞ்சம் தாங்கும். ஆக, ஆடிக் காற்றுக்கும் ஐப்பசி மழைக்கும் முன்னால் தோட்டத்து வாசலில் போய் நிற்க வேண்டும். என் அப்பா நின்றதை நான் பார்த்திருக்கிறேன். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "சாமி, கூரை ஒழுகுதுங்க சாமி, பத்துக் கீத்து குடுத்தீங்கன்னா..." என்று இழுப்பார். அப்பாவைவிடப் பாதி வயசுகூட இல்லாத பையன் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "எடுத்துட்டுப் போடா. நாளைக்கு வரப்பு வெட்டறதுக்கு நீயும் உன்ற பொண்டாட்டியும் வந்தரோணும்" என்பான். கீற்றுக்கு விலை கிடையாது. அதனால் அதற்குக் கணக்கும் தீராது. பத்துக் கீற்றுக்கு எத்தனை நாள் வரப்பு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வருசா வருசம் கூரை மக்கும், வருசா வருசம் அந்த வாசலுக்குப் போயாக வேண்டும். பண்ணையத்தில் ஆளைக் கட்டிப்போடக் கடன் பத்திரம் மட்டுமா இருந்தது? மக்கிப்போகிற கூரையும் அந்த வேலையைச் செய்தது.

அப்புறம் நெருப்பு. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். ஓலைக் கூரையின் கீழ் படுக்கிற எந்தச் சேரிக்கும் அந்தக் கூரை எவ்வளவு சுலபமாகப் பற்றும் என்று தெரியும். ஊரோடு ஏதாவது தகராறு என்றால் அம்மா செய்கிற முதல் காரியம், குடத்தில் தண்ணீர் நிரப்பி எறவாரத்துக்குக் கீழே வைப்பது. தார்சு வீடு கேட்டு எங்கள் ஆட்கள் மனு எழுதியதற்கு முதல் காரணம் இதுதான். தார்சும் முழுக் காவல் இல்லை. 2012 நவம்பர் 7இல் தர்மபுரி நத்தம் காலனியில் தார்சு வீடுகளுக்கு உள்ளேயும் தீ வைத்தார்கள். ஆனாலும் கூரையில் ஒரு தீக்குச்சியைச் செருகிவிட்டு ஓடிவிட முடியாது அல்லவா.

வீட்டுக்கு மேலே என்ன இருக்கலாம் என்பதை இந்த நாட்டில் சாதிதான் தீர்மானித்து வந்திருக்கிறது. கரூர் பசுபதீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு வெளிவந்த ஆணை. கொங்குப் பகுதியில் கம்மாளர்கள் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்புப் போடலாம், வீட்டுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அது அனுமதி தருகிறது. கல்வெட்டு வகுப்பில் இதை 'உரிமை வழங்கிய ஆணை' என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். அனுமதி கொடுத்தால்தான் பூச முடியும் என்றால், அதுவரை பூசக் கூடாது என்றுதானே பொருள்? பொன்னும் இரும்பும் கல்லும் மரமும் வேலை செய்த கம்மாளருக்கே சுவரில் சாந்து பூச அரசாணை வேண்டியிருந்தது என்றால், தோல் வேலை செய்தவர்களின் சுவர் என்ன கதியில் இருந்திருக்கும்? அதைச் சொல்லக் கல்வெட்டு கிடையாது. அவர்களுக்கு யாரும் ஆணை போடவில்லை.

அம்பேத்கர், தீண்டப்படாதவர்கள் செய்தால் குற்றம் என்று கிராமம் வைத்திருக்கிற காரியங்களைப் பட்டியலிடும்போது ஓட்டுக் கூரை போட்டு வீடு கட்டுவதையும் அதில் சேர்க்கிறார். 1930இல் இராமநாதபுரத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு விதித்த எட்டுத் தடைகளில் குடையும் செருப்பும் உண்டு. குடையும் செருப்பும் என்ன? வெயிலிலிருந்து தலைக்கும் காலுக்கும் கிடைக்கிற பாதுகாப்பு. எங்கள் தாத்தா ஊருக்கெல்லாம் செருப்புத் தைத்தார். ஊர்த் தெருவில் நுழையும்போது தான் போட்டிருந்ததைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சித்திரை மண்ணில் வெறுங்காலோடு நடந்தார். வெக்கை என்பது எல்லோர் மேலும் ஒன்றுபோல் விழுகிற வானிலைச் செய்தி என்று இன்னும் யாராவது சொன்னால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

1999இல், நான் நான்காவது படிக்கும்போது, எங்களுக்கு அரசுத் தொகுப்பு வீடு வந்தது. ஒரே அறை, ஒரு மூலையில் அடுப்படி, இரண்டு ஜன்னல், மேலே நாலங்குலக் காங்கிரீட் தளம். பால் காய்ச்சிய அன்று அப்பா வாசலில் நின்று தளத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இனி அந்த வாசலுக்குப் போக வேண்டாம் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுத்த ஆடியில் தோட்டத்துக்காரர் "என்றா, இந்த வருசம் கீத்துக்கு வரலியா?" என்று கேட்டபோது, "வேண்டாமுங்க" என்றார். அந்த 'வேண்டாமுங்க'வுக்காகவே காங்கிரீட்டை நான் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அதற்கு நடுவில் ஒரு சித்திரை வந்து போனது.

தார்சின் குணம் ஓலைக்கு நேர் எதிர். காலையிலிருந்து விழுகிற வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வைத்துக்கொள்ளும். அது கீழ்ப்பக்கம் வந்து சேரச் சாயங்காலம் ஆகும். வெளியே காற்று ஆறுகிற நேரத்தில்தான் உள்ளே தளம் வெக்கையைக் கக்கத் தொடங்கும். நடுச்சாமம் வரை நிற்காது. கட்டிலில் ஏறி நின்று தளத்தைத் தொட்டால் தோசைக்கல்லைத் தொட்டது போல் இருக்கும். ஆம்பளைகள் பாயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டோம். அம்மாவும் அக்காவும் எங்கே போவார்கள்? அக்கா அப்போது பெரியவளாகி ஒரு வருசம். எங்கள் வீட்டின் இரண்டு ஜன்னலில் ஒன்று பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்க்கும். இன்னொன்று ஊருக்குப் போகிற பாதையைப் பார்க்கும். ராத்திரி அந்தப் பாதையில் வண்டியில் போகிற ஊர்ப் பையன்கள் வேகத்தைக் குறைத்து, விளக்கை ஜன்னலுக்குள் அடித்துவிட்டுப் போவார்கள். சிரிப்பும் கேட்கும். யாரிடம் போய்ப் புகார் சொல்வது? அதனால் ஜன்னல் சாத்தியே இருந்தது. கதவும் சாத்தியே இருந்தது. காற்றோட்டம் என்று பொறியியல் புத்தகத்தில் ஒரு பாடம் இருக்கிறது. ஜன்னலுக்கு எதிரே ஜன்னல் வேண்டும் என்று சொல்லும். ஜன்னலுக்கு எதிரே யார் வீட்டுப் பாதை போகிறது என்று அந்தப் பாடத்தில் கிடையாது. அக்கா ஈரத் துணியைப் போர்த்திக்கொண்டு படுத்தாள். விடியும்போது துணி காய்ந்திருக்கும்.

அம்மா அந்த வருசங்களில் தாராபுரத்தில் சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் வேலை முடிந்து வந்து, தளத்தை அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்: "இதுக்கு மேல சுருக்கி போடாம உட்டுட்டானுங்க." எங்கள் வளவில் அன்றைக்கு அதைக் கண்டுபிடித்தவள் அவள்தான்.

சுருக்கி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஊர்ப் பக்கம் தார்சுத் தளம் போட்டால் வேலை அதோடு முடியாது. செங்கல்லை உடைத்து ஜல்லியாக்கி, நீற்றிய சுண்ணாம்போடு கலந்து, தளத்துக்கு மேல் மூன்று அங்குலத்துக்குப் பரப்புவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிக்க வேண்டும். இறுகிய பிறகு மேலே தட்டோடு பதித்து இடுக்கை அடைப்பார்கள். இந்த மூன்று அங்குலம் இரண்டு வேலை செய்கிறது. செங்கல் ஜல்லிக்குள் இருக்கிற காற்று வெயிலைக் கீழே இறங்க விடாமல் தடுக்கும். மழைத் தண்ணீர் காங்கிரீட்டில் இறங்கிக் கம்பியைத் துருவேற்றாமலும் காக்கும். அதாவது வீட்டுக்குக் குளிர்ச்சி, தளத்துக்கு ஆயுசு இரண்டும் அதில் இருக்கிறது. டவுனில் வக்கீல் வீடு, டாக்டர் வீடு, அதிகாரிகளின் குடியிருப்பு எல்லாவற்றின் மேலும் அது உண்டு. அம்மாவும் வளவுப் பெண்களும் உட்கார்ந்து அடித்தது. வெயிலில் முதுகு வேக அடித்தது. அவர்கள் திரும்பி வந்து படுத்தது சுருக்கி இல்லாத தளத்துக்குக் கீழே.

திட்ட மதிப்பீட்டிலேயே அது இல்லையா, அல்லது இருந்து வழியில் காணாமல் போனதா? எங்கள் ஆட்களிடம் யாரும் மதிப்பீட்டைக் காட்டவில்லை. எனக்கு இரண்டும் ஒன்றுதான். கொடுக்கிறவனுக்கு 'இவங்களுக்கு இது போதும்' என்று எங்கே வரை கோடு போட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. தளம் வரை கொடுப்பான், தளத்துக்கு மேலே கொடுக்க மாட்டான். செலவு ஒரு காரணமே இல்லை. லாரி பேக்கர் கேரளத்தில் தளத்தின் கீழ்ப்பாதியில் பழைய ஓடுகளை வரிசையாக வைத்துக் காங்கிரீட் போட்டுக் காட்டினார். சிமெண்டும் கம்பியும் குறைந்தன, வெக்கையும் குறைந்தது. மலிவாகவும் குளிர்ச்சியாகவும் ஏழைக்கு வீடு கட்ட வழி தெரியாத காலமில்லை இது.

அதனால் பராமரிப்பு எங்கள் தலையில் விழுந்தது. பங்குனி கடைசியில் ஏணி இரவல் வாங்கி, தளத்தைக் கூட்டி, கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைத்து இரண்டு கை அடிப்போம். வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பும். கட்டாயம் வித்தியாசம் தெரியும். ஆனால் ஒரு மழையில் கரைந்துவிடும், அடுத்த வருசம் மறுபடி. பக்கத்து வீட்டுச் சின்னம்மா சுரைக்கொடியை ஏற்றிவிட்டாள். அது நல்ல வழி, காயும் கிடைக்கும். ஆனால் கொடி காய்கிற மாசமும் வெயில் கொளுத்துகிற மாசமும் ஒன்றாகப் போய்விடுகிறது, குடி தண்ணீருக்கே லாரியைப் பார்த்து நிற்கும்போது கொடிக்கு எங்கே ஊற்ற? சிலர் தென்னங்கீற்றைத் தளத்தின் மேல் பரப்பினார்கள். மறுபடியும் கீற்று! அப்பா எங்கள் வீட்டில் மட்டும் அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை.

2011இல் விலையில்லா மின்விசிறி வந்தது. வளவில் பல வீடுகளுக்கு வந்த முதல் குளிர்ச்சி யந்திரம் அதுதான். இலவசம் என்று கிண்டல் செய்கிறவர்கள் ஒரு சித்திரை இரவை எங்கள் தளத்தின் கீழ் கழித்துவிட்டுக் கிண்டல் செய்யட்டும். விசிறியைப் பழுது பார்க்க நான் கற்றுக்கொண்டேன். சுற்றாமல் ஊம் என்று இரைந்தால் பெரும்பாலும் கண்டன்சர் போயிருக்கும். கையால் தள்ளிவிட்டால் சுற்றுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். புஷ்ஷில் தூசி அடைத்தால் கழற்றித் துடைத்துத் தையல் மிஷின் எண்ணெய் விட வேண்டும். காயில் கருகிவிட்டால் டவுனுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். 2016இலிருந்து இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் ராத்திரி முழுக்க ஓட விடுகிறோம். ஆனால் விசிறி என்ன செய்யும், தளம் கக்குகிற வெக்கையை எடுத்து முகத்தில் வீசும்.

வளவில் ஒரு பையன் இப்போது ஏ.சி. மெக்கானிக்கிடம் வேலை செய்கிறான். எனக்கு மருமகன் முறை. ஏ.சி. வெக்கையை அழிப்பதில்லை மாமா, உள்ளே இருக்கிறதை எடுத்து வெளியே தள்ளுது, அவ்வளவுதான் என்று அவன் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். கோடையில் தோட்டத்து வீடுகளுக்கெல்லாம் சர்வீசுக்குப் போகிறான். அவன் தாத்தா வாசல்படி தாண்டாத வீடுகளில் அவன் படுக்கையறைக்குள் போய், கட்டிலை நகர்த்தி, ஸ்டூல் போட்டு ஏறி, வடிகட்டியைக் கழற்றுகிறான். பெரிய மாற்றம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் வேலை முடிகிற நேரத்தில் அந்தக் கேள்வி வந்துவிடுகிறதாம். "தம்பிக்கு எந்த ஊரு? ஊருக்குள்ளயா, தோட்டமா?" மூன்றாவதாக ஒரு இடம் இருக்கிறது என்று அவர்கள் கேட்பதில்லை, அவன் திணறுகிறானா என்று பார்க்கிறார்கள். அவன் கடைப் பெயரைச் சொல்லிவிட்டு வந்துவிடுவானாம். ஒரு வீட்டில் தெரிந்துபோய், காப்பி பேப்பர் டம்ளரில் வந்தது. மற்றவர்களுக்குச் சில்வர் டம்ளர். "பேப்பர் டம்ளர் சுத்தமுங்க மாமா, அத வெச்சு எப்படிக் கேக்கறது?" என்று சிரித்தான். கேட்க முடியாதபடி செய்வதில்தான் அவர்கள் முன்னேறியிருக்கிறார்கள்.

காற்றை மறிக்கிற இன்னொரு கட்டுமானத்தையும் இங்கே எழுதியாக வேண்டும். 2019 டிசம்பர் 2 விடியற்காலையில் மேட்டுப்பாளையம் நடூரில் ஏறத்தாழ இருபதடி உயரச் சுவர் மழையில் இடிந்து பக்கத்திலிருந்த அருந்ததியர் வீடுகள் மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் செத்தார்கள். மக்கள் அதைத் தீண்டாமைச் சுவர் என்றார்கள். இடிந்து விழுந்ததால் அது செய்தி ஆனது. விழாமல் நிற்கிற சுவர்களுக்கு அந்தப் பக்கத்தில் காற்று இல்லாமல் புழுங்குகிற வீடுகள் எந்தச் செய்தியிலும் வராது.

எங்கள் தளம் இப்போது பெயர்கிறது. மூன்று அங்குலம் இல்லாததால் இருபத்தைந்து வருச மழை காங்கிரீட்டில் இறங்கி, கம்பி துருவேறி ஊதி, காரை பொத்துப் பொத்தென்று விழுகிறது. அம்மா படுக்கிற இடத்துக்கு நேர் மேலே கம்பி தெரிகிறது. 2024இல் அரசு பழைய ஊரக வீடுகளைப் பழுது பார்க்கத் திட்டம் அறிவித்த பிறகு, சங்கத்தில் உட்கார்ந்து வீடு வீடாகப் பட்டியல் எடுத்தோம். எந்த வீட்டில் எத்தனை சதுர அடிக்குக் காரை விழுந்திருக்கிறது, எந்த ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது, எந்த வீட்டில் பெண்கள் எத்தனை பேர் உள்ளே படுக்கிறார்கள். கடைசி இரண்டும் மனுவுக்குத் தேவையில்லை என்று ஒரு தோழர் சொன்னார். தேவை என்று பெண்கள் சொன்னார்கள். சேர்த்தோம்.

அளந்து பார்க்க ஒருவர் வந்தார். சின்ன வயசு, மரியாதையாகத்தான் பேசினார். டார்ச் அடித்துத் தளத்தைப் பார்த்து, நோட்டில் குறித்துக்கொண்டார். அம்மா பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏனுங்க தம்பி, மேல என்னங் போடுவீங்க?"

"விரிசல் அடைச்சு, கீழ பூசிக் குடுப்போமுங்க அம்மா."

"மேல?"

"மேல எஸ்டிமேட்டுல இல்லீங்க."

"சித்தாள் கூலி வேண்டாமுங்க" என்றாள் அம்மா. "அடிக்கறதுக்கு நாங்க இருக்கறோம். இந்த வளவுல பதினொரு பொம்பளைங்களுக்குக் கை இருக்குது. செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டும் எழுதுங்க."

அவர் நோட்டைப் புரட்டினார். பிறகு வெளியே போய், எங்கள் இரவல் ஏணியில் ஏறித் தளத்தின் மேல் நின்று பார்த்தார். மத்தியானம் ஒரு மணி. செருப்பு போட்டிருந்தார், ஆனாலும் அதிக நேரம் நிற்கவில்லை.